டொராண்டோவில் முதல் வருடம்: புதிதாக வந்து இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கனடா வருவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விசா கைக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிக்கணக்கு, ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் யூடியூபில் வீடியோ இருக்கிறது. பியர்சன் விமான நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கி, மறுநாள் காலை எழுந்து, பால் எங்கே கிடைக்கும் என்று முழிக்கிற நேரத்துக்குத்தான் வீடியோ இல்லை. இந்த வழிகாட்டி அந்தக் காலையிலிருந்து தொடங்குகிறது. பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, வாங்கிக்கொண்டு டொராண்டோவுக்கு, அதிலும் ஸ்கார்பரோ பக்கம் வருகிற குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்திலிருந்து மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் ஒரு நவம்பரில் வந்தேன். முடிந்தால் நவம்பரில் வராதீர்கள். மே மாதம் வந்தால் வீடு தேடும்போது கை விறைக்காது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரும் இந்த ஊர் முகவரியும் சேர்ந்து அச்சான ஒரு தாள் கையில் இல்லாதவரை இங்கே பல காரியங்கள் நகராது. மருத்துவ அட்டை, பள்ளிச் சேர்க்கை, நூலக அட்டை எல்லாம் அந்தத் தாளைத்தான் கேட்கும். கீழே நான் சொல்லும் வரிசையும் அந்தத் தாளைச் சீக்கிரம் கையில் வாங்குவதற்கான வரிசைதான்.

புறப்படும் முன்

பல் வேலை, கண்ணாடி இரண்டையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு பெரியவர்களின் சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் கொடுக்காது. ஒரு ரூட் கெனாலுக்கு இங்கே கொடுக்கும் பணத்தைக் கேட்டால் பல்வலியே போய்விடும். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால், மருத்துவர் சீட்டோடு அதிகபட்சம் 90 நாளுக்குக் கொண்டு வரலாம். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் கேட்பார்கள்.

கொண்டுவரும் பொருள்களுக்கும், பின்னால் வரப்போகும் பொருள்களுக்கும் தனித்தனியாகப் பட்டியல் போட்டு, இறங்கும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டுங்கள். நகைகளை மதிப்போடு எழுத வேண்டும். அடுத்த வருடம் அம்மா வரும்போது மிச்ச நகையைக் கொண்டு வருவதாக இருந்தால், அதுவும் இந்தப் பட்டியலில் இருந்தால்தான் வரிப் பேச்சு வராது. 10,000 கனடிய டாலரும் அதற்கு மேலும் கையில் இருந்தால் அறிவித்துவிடுங்கள். கொண்டு வருவதில் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு.

ஊர் சிம் கார்டை அணைத்துவிடாதீர்கள். ஊர் வங்கிக்குள் நுழைய ஓடிபி அதில்தான் வரும். ஆறு மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண்ணைப் பறிகொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். இந்தியாவிலிருந்து வருபவர்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குளிர் ஜாக்கெட்டை மட்டும் ஊரில் வாங்காதீர்கள். ஊட்டிக்குப் போகிற ஜாக்கெட் இங்கே அக்டோபருக்கே பத்தாது.

முதல் வாரம்

முதலில் சின் நம்பர். ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண், சர்வீஸ் கனடா அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். இணையத்திலும் வாங்கலாம். வேலைக்குச் சேர்ந்தபின் முதலாளியிடமும், வட்டி தரும் கணக்குக்காக வங்கியிடமும், வரி அலுவலகத்திடமும் கொடுக்க வேண்டிய எண் இது. வீட்டுக்காரர் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. போனில் யாராவது "உங்கள் சின் நம்பரில் குற்றம் பதிவாகியிருக்கிறது" என்று மிரட்டினால் பேசாமல் வைத்துவிடுங்கள். வந்த புதிதில் எல்லாருக்கும் ஒருமுறையாவது அந்த அழைப்பு வரும்.

அடுத்தது வங்கி. சரியான அடையாள ஆவணம் இருந்தால், வேலை இல்லை, போடப் பணம் இல்லை என்று சொல்லி வங்கி கணக்கை மறுக்க முடியாது. பெரிய வங்கிகள் எல்லாம் புதியவர்களுக்கு முதல் வருடம் மாதக் கட்டணம் இல்லாத கணக்கும், கூடவே ஒரு கிரெடிட் கார்டும் தருகின்றன. அந்த கார்டை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கடன் வாங்காமல் வாழ்வது நம் வீடுகளில் பெருமை, இந்த ஊரில் அது வெற்றுத் தாள். கடன் மதிப்பெண் 300க்கும் 900க்கும் நடுவில் ஓடும், உங்களுக்கு அப்படி ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. மளிகையை கார்டில் வாங்கி, பில் வந்ததும் முழுசாகக் கட்டுங்கள். வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஆறேழு மாதத்தில் மதிப்பெண் தெரியும்.

கணக்கு திறக்கும்போதே, மாத அறிக்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் எதற்கு தாள் என்று கவுன்ட்டரில் சிரிப்பார்கள், பரவாயில்லை. மேலே சொன்ன அந்தத் தாளாக நிறைய இடங்களில் ஏற்பது இதைத்தான்.

போன் எண்ணை ப்ரீபெய்டில் வாங்கினால் போதும். அதை மாற்றாமல் வைத்திருங்கள். நான் மாதம் ஐந்து டாலர் மிச்சம் என்று மூன்றாவது மாதம் எண்ணை மாற்றி, பழைய எண்ணுக்குப் போன ஒரு நேர்காணல் அழைப்பைத் தவறவிட்டேன்.

வீடு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதல் இரண்டு வாரம் தெரிந்தவர் வீட்டிலோ குறுகிய கால வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு வீடு தேடுங்கள். ஊரிலிருந்தபடியே படம் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பியவர்கள் வந்து பார்த்தால் அந்த எண்ணில் வீடே இருக்காது.

வீட்டுக்காரர் கேட்பது வேலைக் கடிதமும் கடன் மதிப்பெண்ணும். உங்களிடம் இரண்டும் இல்லை. அதற்குப் பதிலாக வங்கி இருப்பு, பிஆர் தாள், ஊரில் வேலை பார்த்த கடிதம், இங்கே உங்களைத் தெரிந்த ஒருவரின் பரிந்துரை ஆகியவற்றை ஒரு உறையில் போட்டு எடுத்துப் போங்கள். தமிழ்க் கடைகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டியிருக்கும் கைப்பேசி எண்களை இன்றும் நம்பலாம். மார்க்கம் சாலையில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நோட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்த 'பேஸ்மென்ட் வாடகைக்கு' என்ற நாலு வரியில்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது.

பேஸ்மென்ட் என்றால் வீட்டின் நிலத்தடித் தளம். புதியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். தனி வாசல் இருக்கிறதா? தீ பிடித்தால் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா? புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்கின்றனவா? சூட்டை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும். குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது நகர விதி. சுவர் மூலையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை வந்தால் வேண்டாம். தபால் பெட்டி யாருடையது என்றும் கேளுங்கள். பிஆர் அட்டை தபாலில்தான் வரும். கனடாவுக்குள் வந்த 180 நாளுக்குள் முகவரியைக் கொடுக்காவிட்டால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.

பணத்தில் இதைக் கவனியுங்கள். ஒன்டாரியோவில் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கேட்கலாம். சேதத்துக்கு என்று தனியாக முன்பணம் வாங்குவது சட்டப்படி செல்லாது. வருடம் முழுக்கத் தேதியிட்ட காசோலைகளைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. அடுத்த வருடம் வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு மாகாண அரசின் உச்சவரம்பு உண்டு, ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. காண்டோ என்கிற புத்தம்புது அடுக்குமாடி வீட்டைப் பார்த்து மயங்குபவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.

வாடகை ஒப்பந்தத்தை இங்கே லீஸ் என்பார்கள். எங்கள் முதல் வீட்டுக்காரர், "லீஸ் எல்லாம் எதற்கு, நம்பிக்கைதானே" என்றார். நானும் தமிழர்தானே என்று தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து மருத்துவ அட்டைக்குப் போனபோது முகவரிக்கு ஒரு தாள் கேட்டார்கள். இல்லை. வங்கி அறிக்கை வரும்வரை காத்திருந்து மறுபடி போனேன். எழுத்தில் லீஸ் இல்லாவிட்டாலும் வாடகைதாரராக உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மாகாணத்தின் பொது லீஸ் படிவத்தை எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் அவர் தர வேண்டும். இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. இன்னொன்று: சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளரோடு பங்கிட்டுக்கொள்ளும் அறை என்றால் இந்தப் பாதுகாப்புச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. மலிவாக இருக்கிறது என்று அப்படிப் போனால், நல்ல மனிதர்தானா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

அட்டைகள்

லீஸோ வங்கி அறிக்கையோ கையில் வந்துவிட்டதா? சரி, இனி வேகம்தான். சர்வீஸ் ஒன்டாரியோவில் ஓஹிப் என்கிற மருத்துவ அட்டை. முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டுநர் உரிமம்: ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு 60 நாள்தான் ஓட்டலாம். ஜி1 என்கிற முதல் கட்ட எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுத முடியும். ஆனால் சாலையில் உள்ள பலகைகள் ஆங்கிலத்தில் என்பதால் நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் கொண்டு வந்தால் அடுத்த சாலைத் தேர்வுக்கான காத்திருப்பு குறையும். ஊரில் இருபது வருடம் ஓட்டியவர்கள் இங்கே தோற்பது பெரும்பாலும் இரண்டு விஷயத்தில்: ஸ்டாப் பலகையில் முழுதாக நிற்காதது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்காதது.

அதுவரை டிடிசி, அதாவது நகரப் பொதுப் போக்குவரத்து. ஒரு முறை அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரம் பேருந்து, சுரங்க ரயில் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். பிரெஸ்டோ அட்டை இல்லாவிட்டால் வங்கி அட்டையையே தட்டலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். பழைய வீடியோக்களில் காட்டும் ஸ்கார்பரோ குட்டி ரயிலைத் தேடாதீர்கள். 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு அதை மூடிவிட்டார்கள். இப்போது பேருந்து பிடித்து கென்னடி நிலையம் போய் சுரங்க ரயில் ஏற வேண்டும். வேலை நேரத்தைக் கணக்குப் போடும்போது கூகுள் சொல்வதோடு இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், பனி நாளில் நாற்பது.

நூலக அட்டையைக் கடைசியாகச் சொன்னாலும் முதலில் எடுக்க வேண்டிய அட்டை அதுதான். டொராண்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள். சூடான அறை, இலவச இணையம், அச்சடிக்கும் வசதி, தமிழ்ப் புத்தகங்கள், குழந்தைகளுக்குக் கதை நேரம் எல்லாம் உண்டு. எங்கள் முதல் குளிர்காலச் சனிக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன.

குளிர்

தடிமனான ஒரே ஜாக்கெட்டை விட மூன்று அடுக்கு நல்லது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளியோ ஃப்ளீஸோ, அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள், வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிரவைத்துவிடும். பணம் போடுவதானால் முதலில் பூட்ஸில் போடுங்கள். ஜாக்கெட் பழைய துணிக் கடையிலும் நன்றாகக் கிடைக்கும், பூட்ஸ் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் கறுப்புப் பனிக்கட்டியில் இடுப்பு போய்விடும். தார்ச்சாலை ஈரமாக இருப்பதுபோல் தெரியும், அது கண்ணாடி மாதிரி உறைந்த தண்ணீர். பென்குயின் மாதிரி, சிறு அடியாக, பாதம் முழுவதையும் ஊன்றி நடங்கள். கௌரவமெல்லாம் ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பனி விழுந்த அன்று வாசலில் பூட்ஸைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தேன். ஊர்ப் பழக்கம். பக்கத்து வாசல் யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டி, "தம்பி, சப்பாத்தை வெளியில விடாதேங்கோ, காலமை கல்லு மாதிரி விறைச்சுக் கிடக்கும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆலோசகர் அவர்தான்.

டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கு இருட்டிவிடும். பேஸ்மென்டில் இருந்தால் காலையும் இருட்டு. இது உடம்பை மட்டுமல்ல, மனத்தையும் அழுத்தும். என் மனைவி மூன்று வாரம் காரணமே இல்லாமல் அழுதாள், இரண்டு பேருக்கும் அது வெளிச்சக் குறைவு என்று புரியவில்லை. மதியம் அரை மணி நேரம் எப்படியாவது வெளியே நடங்கள். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால். அதனால் ஊரோடு உள்ள நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. அம்மாவுக்கு இது புரிய எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது.

சமையலறை

முதல் நாள் சாம்பாருக்குக் கடுகு, மிளகாய் தாளித்ததும் புகை அலாரம் அலறி, மேல்மாடிக்காரர் ஓடி வந்தார். அலாரத்தைக் கழற்றி வைக்காதீர்கள், தீயில் அது ஒன்றுதான் காவல். புகைபோக்கி விசிறியை முதலில் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, சின்னத் தீயில் தாளியுங்கள். ஜாக்கெட்டுகளைச் சமையலறைப் பக்கம் மாட்டாமல் கதவுள்ள அலமாரியில் மாட்டுங்கள். தாளிப்பு வாசனை அதில் ஏறினால் அலுவலக லிஃப்டில் உங்களுக்கு முன் அது போய் நிற்கும்.

இட்லி மாவு குளிரில் பொங்காது. ஓவன் அடுப்பைப் பற்ற வைக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். தேங்காய் எண்ணெய் எட்டு மாதம் உறைந்தே கிடக்கும், வாயகன்ற பாட்டிலாக வாங்குங்கள்.

தமிழ்ச் சாமானுக்கு ஸ்கார்பரோவில் குறையே இல்லை. 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைகள் அவை. மொழியில் சின்னச் சறுக்கல்கள் வரும். அவர்களுக்குப் 'பேசினார்' என்றால் திட்டினார், நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். "மேனேஜர் உங்களோடு பேச வேண்டும் என்றார்" என்று நான் ஒருவரிடம் சொல்லி, அவர் முகம் வாடியது நினைவிருக்கிறது. அரிசி, பருப்பு, முருங்கைக்காய் அங்கே. பால், முட்டை, ரொட்டி எல்லாம் நோ ஃப்ரில்ஸ், ஃபுட் பேசிக்ஸ் மாதிரி மலிவுக் கடைகளில். விலைப்பட்டியில் போட்டிருப்பது வரி சேராத விலை. அரிசி, காய்கறி மாதிரி அடிப்படை உணவுக்கு வரி இல்லை, மற்றதில் பெரும்பாலும் 13 விழுக்காடு ஏறும். எல்லா விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் முதல் சம்பளம் வரும்வரை போகாது. அதுவரை காபியை வீட்டில் குடியுங்கள்.

உணவுக் கழிவு பச்சைத் தொட்டியில். மூடியைப் பூட்டுங்கள், ரக்கூன்கள் நம்மை விடக் கெட்டிக்காரர்கள்.

வேலை

ரெஸ்யூமேயில் புகைப்படம், வயது, மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம். ஒழுங்குமுறைப்படுத்தப்பட்ட தொழில்கள் தனி உலகம். செவிலியர், மருத்துவர், பொறியாளர் போன்றவர்கள் அந்தந்தத் தொழில் அமைப்பின் உரிமம் பெறாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக்கூட முடியாது. பொறியாளர் உரிமத்துக்குக் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோவில் 2023இல் எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் 'கனடிய அனுபவம் தேவை' என்று போடவும் கூடாது. விளம்பரத்தில் போகும், மனத்தில் உடனே போகுமா என்பது வேறு கேள்வி.

அதனால் முதல் ஆறு மாதம் கிடங்கிலோ காபிக் கடையிலோ வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன், ஊரில் கணக்குத் துறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். அது தோல்வி இல்லை, ஆனால் சுகமாகவும் இல்லை. ஒரே எச்சரிக்கை: இரவு வேலையின் களைப்பில் உங்கள் துறைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்திவிடாதீர்கள். நான் வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம் என்று காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஏஜென்சி மூலம் போனால் அதற்கு உரிமம் உண்டா என்று மாகாண இணையத்தளத்தில் பாருங்கள், 2024 ஜூலையிலிருந்து அது கட்டாயம். 2025 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர் ஆனது. கையில் ரொக்கமாக, ரசீது இல்லாமல் தருகிறோம் என்றால் நழுவிவிடுங்கள். அடிபட்டால் இழப்பீடு கேட்பதும், வேலை போனால் காப்பீடு வாங்குவதும் பெரும்பாடாகிவிடும்.

ஆங்கிலம் தடுமாறினால் பிஆர் உள்ளவர்களுக்கு லிங்க் வகுப்புகள் இலவசம். ஆங்கிலம் நன்றாகவே தெரிந்த என் மனைவி அங்கே போனாள். படித்தது கொஞ்சம்தான், கிடைத்த நான்கு தோழிகள் இன்றும் இருக்கிறார்கள்.

பிள்ளை, மருத்துவம், வரி

பொதுப் பள்ளி இலவசம். எந்தப் பள்ளி என்பதை உங்கள் முகவரிதான் தீர்மானிக்கும், அதனால் வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பாருங்கள். நான்கு வயது ஆகிற வருடத்திலேயே மழலை வகுப்பில் சேர்க்கலாம். பல பள்ளிகளில் வேர்க்கடலைக்குத் தடை, ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருப்பார்கள். முதல் வாரமே நாங்கள் கடலைச் சட்னி கொடுத்தனுப்பி ஆசிரியையிடமிருந்து குறிப்பு வாங்கினோம். சூடு தாங்கும் ஃபிளாஸ்க் ஒன்று வாங்கினால் தயிர் சாதத்திலிருந்து நூடுல்ஸ் வரை அதில் போகும்.

குடும்ப மருத்துவர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். வந்தவுடனே பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, அதுவரை முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக் போங்கள். ராத்திரி காய்ச்சல் என்றால் 811 அழைத்தால் செவிலியர் பேசுவார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 911. சாதாரணச் சளிக்கு அவசரப் பிரிவில் போய் உட்கார்ந்தால் விடிந்துவிடும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள், கிடைக்காது.

குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு வந்த மாதமே விண்ணப்பியுங்கள், சம்பளம் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் காத்திருந்து பணத்தை விடுகிறார்கள். வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் இருவருமே வரிப் படிவம் தாக்கல் செய்யுங்கள். செய்யாவிட்டால் ஜூலையிலிருந்து அந்த உதவி நின்றுபோகும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகவே படிவம் போட்டுத் தரும் முகாம்கள் மார்ச், ஏப்ரலில் நடக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள் கனடாவை விட்டு வெளியே போகும் தேதி, திரும்பும் தேதி, போன இடம் மூன்றையும் அதில் எழுதி வையுங்கள், ஒரு நாள் நயாகரா தாண்டி அமெரிக்கப் பக்கம் போய் வந்தாலும். பிஆர் நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும், குடியுரிமைக்கு 1,095 நாள். படிவம் நிரப்பும்போது ஒவ்வொரு பயணத்தையும் கேட்பார்கள். பாஸ்போர்ட் முத்திரையை நம்பி உட்கார்ந்த நான், தங்கை கல்யாணத்துக்குப் போன தேதியைக் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துத்தான் கண்டுபிடித்தேன்.